ஆதாயம் இல்லாமல் ஆற்றில் இறங்கியவர்கள்

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்காகக் குளம் வெட்டினாள். பல தலைமுறைகளுக்குப் பிறகு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பியது அந்த மண்டபம். இன்று புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுதான் இருக்கிறது.

கதையைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே விழ ஒருவர் தயாராக இருப்பார். "கிருஷ்ணதேவராயர்தான் அந்த வீட்டை இடிக்கச் சொல்லிவிட்டாரே! எப்படியும் போகப்போகிற வீடு. கெட்டிக்காரி, அதிலும் பேர் வாங்கிக்கொண்டாள்" என்பார். கதைப்படி அவர் சொல்வது சரிதான். அந்த வழியாக வந்த ராயர் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டார். தாசியின் வீடு என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் இடிக்க உத்தரவிட்டார். தானே இடித்துக்கொள்கிறேன் என்று ஆயி கெஞ்சி அவகாசம் வாங்கினாள். தவிர, இது செவிவழிக் கதை. இதை வைத்து மனித மனத்தைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது. இந்த வழக்கில் ஆயியை எதிர்த்தரப்புக்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.

விட்டுக்கொடுக்க முடியாதது அந்தக் குறுக்குப் பேச்சின் பின்னால் இருக்கும் தீர்ப்பு. பிறர் நலத்துக்காக மட்டுமே யாரும் எதையும் செய்வதில்லை. தோண்டிப் பார்த்தால் எல்லாவற்றின் அடியிலும் ஓர் ஆதாயம் இருக்கும் என்பது அது. 'சோழியன் குடுமி சும்மா ஆடுமா', 'ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா' என்று சாதியைச் சேர்த்துக் கேலி பேசும் பழமொழிகள் அந்தத் தீர்ப்பைத்தான் சொல்கின்றன. டீக்கடை பெஞ்சில் இருந்த இந்தக் கருத்துக்குச் சுமார் ஐம்பது ஆண்டுகளாக விஞ்ஞானச் சட்டையும் கிடைத்திருக்கிறது. 'மரபணுவே சுயநலமானது என்று டார்வின்காரர்கள் சொல்லிவிட்டார்கள்' என்று இப்போது அடித்துப் பேசுகிறார்கள். வசதிக்காக இவர்களை ஆதாயக் கட்சி என்று அழைக்கலாம்.

ஆதாயக் கட்சி நம்பியிருக்கும் விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது? டார்வினுக்கே இது தலைவலியாக இருந்த விஷயம். பிள்ளை பெறாமல் கூட்டுக்காகவே உழைத்துச் சாகும் வேலைக்கார எறும்பு எப்படித் தோன்றியிருக்கும் என்ற சிக்கலை 1859-லேயே அவர் எழுப்பினார். 1964-ல் வில்லியம் ஹாமில்டன் அதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார். உதவி பெறுகிறவர் நெருங்கிய ரத்த உறவாக இருந்தால், கொடுக்கிறவருக்கு நஷ்டமானாலும் இருவருக்கும் பொதுவான மரபணு பிழைத்துக்கொள்ளும். எனவே உறவுக்காகத் தியாகம் செய்யும் குணம் பரவ முடியும். 1971-ல் ராபர்ட் டிரைவர்ஸ் அடுத்த கணக்கைச் சேர்த்தார்: இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இவற்றையெல்லாம் 'சுயநல மரபணு' என்ற கவர்ச்சியான தலைப்பில் உலகமெங்கும் கொண்டுசேர்த்தார். புத்தகத்தைப் படித்தவர்களைவிடத் தலைப்பைப் படித்தவர்கள் அதிகம்.

மரபணுவுக்கு மனம் கிடையாது. அது ஆசைப்படவோ சூழ்ச்சி செய்யவோ முடியாது. எந்த மரபணு அதிகம் பெருகுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல எடுத்துக்கொண்ட உருவகம்தான் 'சுயநலம்'. டாக்கின்ஸே இதைப் பலமுறை விளக்கி அலுத்துப்போனவர். அதே புத்தகத்தில், மரபணுக்களின் ஆணையை மீறும் வல்லமை மனிதர்களுக்கு உண்டு என்றும் எழுதியவர். ஒரு குணம் எப்படித் தோன்றியது என்பது ஒரு கேள்வி. அந்தக் குணம் உள்ளவர் இப்போது எதற்காக இதைச் செய்கிறார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவது கேள்வியின் தலையில் கட்டுவதுதான் ஆதாயக் கட்சியின் மொத்த வித்தையும். தாய்ப்பாசம் பரிணாமத்தில் தோன்றியது என்பதால், குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கண்விழித்திருக்கும் தாய் மரபணுக் கணக்குப் போடுகிறாள் என்று ஆகிவிடாது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர், ஆதாயக் கட்சியினர் அடிக்கடி மேற்கோள் காட்டும் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ உயிரைக் கொடுக்கத் தயார் என்று அவர் சொன்னதாக ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. சகோதரனிடம் பாதி மரபணு, சித்தப்பா பிள்ளையிடம் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கு அது. 1955-ல் அவர் இதைப் பற்றி எழுதியபோது ஆற்றில் மூழ்கும் குழந்தையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். குழந்தை யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும் என்று காட்டிவிட்டு, உடனேயே இன்னொன்றையும் சேர்த்தார். மூழ்கிவிடக்கூடிய நிலையில் இருந்தவர்களைத் தானே இரண்டு முறை தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டதாகவும், அப்போது இந்தக் கணக்கெல்லாம் போட நேரமிருக்கவில்லை என்றும் எழுதினார். கணக்கை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டவர்கள் இந்த வரியை விட்டுவிட்டார்கள்.

ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கு வந்தார், இந்தியக் குடிமகன் ஆனார், 1964 டிசம்பரில் புவனேசுவரத்தில் இறந்தார். தன் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த ஏனாமிலிருந்து கொஞ்ச தூரம்தான் காக்கிநாடா. அங்கே படித்த தெலுங்கு மாணவர்களில் எத்தனை பேர் அந்த ஆங்கிலேயருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்?

விலங்குகளிடம் வருவோம். ரத்தம் குடித்து வாழும் தென்னமெரிக்க வௌவாலுக்கு மூன்று நாள் இரை கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். வயிறு நிறைந்த வௌவால், பசித்திருக்கும் கூட்டாளிக்குத் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்கும். ஜெரால்டு வில்கின்சன் 1984-ல் இதை வெளியிட்டபோது ஆதாயக் கட்சிக்குக் கொண்டாட்டம். 'பார்த்தீர்களா, கொடுக்கல் வாங்கல்!' என்றார்கள். ஆனால் பின்னாளில் வில்கின்சனும் ஜெரால்டு கார்ட்டரும் சேர்ந்து செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. யார் யாருக்குக் கொடுக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் ரத்த உறவைவிட, முன்பு அந்த இரண்டுக்கும் இடையே இருந்த பகிர்வுக்குத்தான் பங்கு அதிகம். இதை வியாபாரம் என்று அழைப்பவர் மனிதர்களின் நட்பையும் அப்படியே அழைக்க வேண்டியிருக்கும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது, தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படும் காகிதக் குளவியை. குளவி, தேனீ இனங்களில் உடன்பிறந்த பெண்களுக்குள் முக்கால் பங்கு மரபணு பொதுவாக இருக்கும், அதனால்தான் வேலைக்காரிகள் தங்கள் பிள்ளைப்பேற்றையே விட்டுக்கொடுக்கின்றன என்பது பாடப்புத்தக விளக்கம். கடக்கரின் குளவிகள் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படவில்லை. ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறது. ஒரு ராணி போய் இன்னொரு ராணி வருகிறது. வேலைக்காரக் குளவி வளர்ப்பது தங்கையை மட்டுமல்ல, அக்காள் பிள்ளையை, சித்தி பிள்ளையை, இன்னும் தூரத்துச் சொந்தத்தையும். உறவின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கடக்கர் ஹாமில்டனின் விதியைத் தூக்கி எறியவில்லை. ரத்த நெருக்கம் மட்டும் போதாது, தனியே வாழ்ந்தால் என்ன இழப்பு, கூட்டில் இருந்தால் என்ன பலன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். 'எல்லாம் ரத்தபாசம்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

திமிங்கலங்களின் சங்கதி இன்னும் விசித்திரம். கூன்முதுகுத் திமிங்கலங்கள் கொலைகாரத் திமிங்கலங்களின் வேட்டையில் குறுக்கே புகுந்த நூற்றுக்கும் மேற்பட்ட சம்பவங்களை ராபர்ட் பிட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் தொகுத்தார்கள். இரை எது என்று தெரிந்த சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் அது கூன்முதுகுத் திமிங்கலமே இல்லை. சீல், வேறு இனத் திமிங்கலம், சில வேளை ஒரு மீன். தன் குட்டியைக் காக்கும் வேகம் வேறு உயிர்கள்மீதும் வழிந்து ஓடுகிறது என்பது ஒரு விளக்கம். இருக்கட்டும். குயில் குஞ்சுக்கு இரை ஊட்டும் காக்கையைப் போல, பரிணாமத்தின் கணக்கேட்டில் இது 'தவறு' என்றே பதிவாகட்டும். ஆனால் அந்தத் தவறில் ஆதாயம் எங்கே? மரபணுவுக்கே நஷ்டமான ஒரு செயலைச் சுயநலம் என்று எந்த வகையில் சேர்ப்பது? ஆதாயக் கட்சியின் விளக்கமே அதன் தீர்ப்பைக் கவிழ்க்கிறது.

மனிதர்களுக்குத் திரும்பினால், புதுச்சேரியில் ஒரே காலத்தில் தஞ்சம் புகுந்திருந்த இருவரின் வாழ்க்கை இந்த வாதத்துக்கு மிகவும் பொருத்தம். வ.வே.சு. ஐயர் 1910 முதல் சுமார் பத்தாண்டுகள் இங்கே இருந்தார். 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை நீரில் விழ, காப்பாற்றக் குதித்தார். இருவருமே பிழைக்கவில்லை. இதை ஹாமில்டனின் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம்.

இனி மற்றவர். 1908-ல் புதுச்சேரி வந்து 1918 வரை இருந்த பாரதி, 1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானையிடம் சிக்கினார். யானை தள்ளியதில் அதன் காலடியிலேயே விழுந்து கிடந்தார். கூட்டம் செயலற்று நின்றது. பாய்ந்து உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தவர், புதுச்சேரிக் காலத்து நண்பர் குவளைக்கண்ணன். பாரதிக்கு அவர் தம்பியுமில்லை, பங்காளியுமில்லை. கொடுக்கல் வாங்கலா? திருப்பிக் கொடுக்க பாரதியிடம் அப்போது என்ன இருந்தது? புகழா? அதே ஆண்டு செப்டம்பரில் பாரதியின் கடைசி ஊர்வலத்துக்கு இருபது பேர்கூட வரவில்லை. யானையின் கால்களுக்கிடையே புகும் நொடியில், நூறு ஆண்டுக்குப் பிறகு தன் பெயரை யாராவது எழுதுவார்கள் என்று கணித்தார் என்று சொல்ல வேண்டுமானால், குவளைக்கண்ணனை ஜோதிடராக்கினால்தான் முடியும்.

ஒரு சம்பவம் போதாது என்பவர்களுக்கு ஒரு பதிவேடே இருக்கிறது. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1904-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வீரர் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். தன் உயிரைப் பணயம் வைத்துப் பிறர் உயிரைக் காக்க முயன்ற சாதாரண மக்களுக்கு அது பதக்கம் தருகிறது. விதிகள் கறாரானவை. தீயணைப்பு வீரர்போல அதையே கடமையாகக் கொண்டவருக்குப் பதக்கம் இல்லை. சொந்தக் குடும்பத்தாரைக் காப்பாற்றியவருக்கும், காப்பாற்றும்போது உயிரையே இழந்தாலோ கடும் காயம் அடைந்தாலோ தவிர, பொதுவாக இல்லை. அதாவது சம்பளம், ரத்தபாசம் என்ற ஆதாயக் கட்சியின் இரண்டு விளக்கங்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் இதுவரை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பதக்கங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. பதக்கம் பெற்ற 51 பேரின் பேட்டிகளை டேவிட் ராண்ட், சிவ் எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 2014-ல் அலசினார்கள். யோசித்து முடிவெடுத்ததாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் சொன்னது, ஹால்டேன் சொன்னதுதான்: நினைக்க நேரமில்லை.

பாய்ந்து காப்பாற்றுவது ஒரு நொடி வேகம், நிதானமாக யோசிக்கும்போது மனிதன் கணக்குப் பார்ப்பான் என்று அடுத்த தடுப்பு வரும். நிதானமாக, மாதக்கணக்கில் ஆபத்தைத் தோளில் போட்டுக்கொண்டவர்களைத் தேடினால் புதுச்சேரியில் அகப்படுபவர்கள், பழமொழி கேலி செய்த அதே செட்டியார்கள். 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி ரகசியமாக வந்து இறங்கிய அரவிந்தரைக் கோமுட்டித் தெருவில் தன் வீட்டு மாடியில் மாதக்கணக்கில் தங்கவைத்தவர் கலவை சங்கர செட்டியார். ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் நகரெங்கும் வட்டமிட்ட காலம் அது. வெளியூர்க்காரர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐந்து பேரின் நற்சான்று பெற வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகம் சட்டம் கொண்டுவந்தபோதும் கையெழுத்துகளுக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். பாரதி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ஊர் 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று அழைத்தவர், வாடகைக்கு வந்தும் வாய்விட்டுக் கேட்காமல் பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார் என்று பாரதியின் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். தேசப்பற்று என்ற பொதுக் கொள்கை அவர்களுக்கு இருந்திருக்கலாம். பாட்டில் சொக்கியும் போயிருக்கலாம். ஒரு கொள்கைக்காகவோ பாட்டுக்காகவோ தன் பணத்தையும் நிம்மதியையும் இழக்கத் துணிவதற்குப் பெயர் ஆதாயம் என்றால், நஷ்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?

எல்லா வழியும் அடைபட்டதும் ஆதாயக் கட்சி கடைசி அஸ்திரத்தை எடுக்கும். 'உதவி செய்தால் மனசுக்குத் திருப்தி கிடைக்கிறதல்லவா? அந்தத் திருப்திக்காகத்தான் செய்கிறார்கள்.' கேட்க ஆழமாக இருக்கும் இந்த வாதம் உண்மையில் வட்டம் போட்டு ஓடுகிறது. பிறர் நலனில் அக்கறையே இல்லாதவருக்கு அவர் நலமடைந்ததைப் பார்த்து எப்படித் திருப்தி வரும்? அக்கறை முதலில் இருந்தால்தான் திருப்தி பின்னால் வரும். தவிர, எந்த உதாரணத்தைக் காட்டினாலும் 'அதுவும் திருப்திக்காக' என்று சொல்லிவிடலாம் என்றால், அது தவறாகவே முடியாத கருத்து. எதாலும் பொய்யாக்க முடியாத கூற்று விஞ்ஞானம் ஆகாது. அதை வைத்துக்கொண்டு டார்வின் பெயரை இழுப்பது பொருந்தாது.

இதைச் சோதனையில் பிடிக்க முயன்றவர், அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் பேட்சன். 1981-ல் வெளியான அவருடைய சோதனையில், ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதாகக் காட்டினார்கள். அவள் நடிக்கிறாள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சிலருக்குச் சீக்கிரமே எழுந்து போகும் வசதி தரப்பட்டது. பார்க்கச் சகிக்காத தன் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வதுதான் நோக்கமென்றால், எழுந்து போனாலே அது தீர்ந்துவிடும். அவள்மீது உள்ளபடியே இரக்கம் கொண்டவர்களில் பெரும்பாலோர் போகவில்லை, அவளுக்குப் பதிலாக மீதி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். பேட்சனை மறுத்தவர்களும் உண்டு. இரக்கம் சோகத்தை வரவழைக்கிறது, அதைப் போக்கவே உதவி என்றார்கள் சிலர். பேட்சன் ஒவ்வொரு மறுப்பையும் அடுத்தடுத்த சோதனைகளில் எதிர்கொண்டார். விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் 'விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லிவிட்டது' என்ற ஆதாயக் கட்சியின் பெருமிதத்துக்கு அங்கே இடமில்லை.

பச்சைக் குழந்தைகளையும் பார்த்தார்கள். ஃபெலிக்ஸ் வார்னகென், மைக்கேல் டொமசெல்லோ இருவரின் 2006 ஆய்வில், ஒன்றரை வயதுக் குழந்தைகள் முன்பின் தெரியாத ஒருவர் தவறவிட்ட பொருளைத் தாமாகவே எடுத்துக் கொடுத்தார்கள். கேட்கவும் இல்லை, பரிசும் இல்லை. 2008-ல் இன்னொன்று தெரிந்தது. உதவிக்குப் பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் விவாதம் புத்தகத்தை விட்டு வெளியே வருகிறது. மனிதன் ஆதாயத்துக்குத்தான் அசைவான் என்று நம்பும் அரசு, எல்லாவற்றுக்கும் விலை வைக்கும். ரத்தம் விஷயத்தில் இந்தியா அதைச் செய்து பார்த்திருக்கிறது. வறுமையில் உழன்றவர்களும் போதைக்குப் பழகியவர்களும் மாதாமாதம் ரத்தம் விற்றார்கள். நோயை மறைத்தால்தான் காசு கிடைக்கும் என்பதால் மறைத்தார்கள். விலை கொடுத்து வாங்கும் ரத்தம் நோயைப் பரப்பும் என்று இங்கிலாந்தின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-லேயே எச்சரித்திருந்தார். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்த விற்பனையை ஒழிக்க உத்தரவிட்டது. 1998 ஜனவரி 1 முதல் அது தடையானது. ஆதாயக் கட்சி சொல்வது உண்மையானால், அன்றோடு நாட்டின் ரத்த வங்கிகள் காய்ந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. கடலூர், விழுப்புரம் பக்கமிருந்தெல்லாம் நோயாளிகள் வந்து குவியும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும், யாருக்கு ஏறப்போகிறது என்று தெரியாமலேயே ஜனங்கள் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உறுப்பு தானத்தில் இது இன்னும் துலக்கம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்புக்குக் காசு வாங்குவதைக் குற்றமாக்கியது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் அதே வழியில் வந்தன. உறுப்பு கொடுத்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது 2023 செப்டம்பரில்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று கையெழுத்துப் போட்ட பெற்றோருக்கு எந்த மரியாதையும் காத்திருக்கவில்லை. பிள்ளையின் மரபணுவும் அவர்களைப் பொறுத்தவரை அன்றோடு முடிந்தது.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மையே இல்லையா? நிறைய இருக்கிறது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதி வைக்கும் ஊர் இது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படி ஊர் மூழ்கும் ஒவ்வொரு முறையும், ஒரு பால் பாக்கெட்டை நான்கு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கும் காட்சியும் கூடவே வரும். மனிதர்களின் இரக்கம் சொந்தம், சாதி, ஊர் என்ற வரிசையில்தான் முதலில் போகிறது என்பதும் மறுக்க முடியாதது. அந்தச் சாய்வை உயிரியல் நன்றாகவே விளக்குகிறது. ஆனால் 'பெரும்பாலும்' என்பதற்கும் 'எப்போதும்' என்பதற்கும் உள்ள தூரத்தை ஆதாயக் கட்சி ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. நிரூபித்தது முதலாவதை, தீர்ப்புச் சொல்வது இரண்டாவதைப் பற்றி. கேமராவுக்குச் சிரிப்பவர் இருப்பதால், கேமரா வருவதற்கு முன்பே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பக்கத்து வீட்டு முதியவரைத் தூக்கி வந்தவர் இல்லாமல் போய்விடுவதில்லை.

இந்தக் கருத்து இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் ஆதாரபலம் அல்ல. எதையும் நம்பாதவர் விவரமானவர் என்று சபையில் பெயர் வாங்கிவிடலாம். கொடுக்காதவருக்கும் அது சௌகரியம்: கொடுப்பவரும் சுயநலக்காரர்தான் என்று ஆகிவிட்டால், கொடுக்காமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்ற எல்லோருடைய நல்ல செயலுக்கும் உள்நோக்கம் தேடும் ஆதாயக் கட்சி, தன் கருத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த ஆதாயத்தை மட்டும் தேடுவதில்லை.

சந்தேகம் இன்னும் தீராதவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போய்ப் பார்க்கலாம். வயது 18-லிருந்து 65-க்குள், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.